ஹோயாவின் மொட்டைக் காம்பு

என்னங்க,

ஸ்கூல் வேனை எடுக்க நேரமாச்சு, அதான் எழுப்பல. சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு. உங்க அக்கா பதினோரு மணிக்கு வருவாங்க. சலூனுக்குப் போறப்ப சாவியைப் பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போங்க.

நேத்து நான் கத்துனதுக்கு மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன். அக்கா வர்றாங்கன்னு ஜன்னலை அழகு பண்ணக் கிளம்பி, அங்க தொட்டியில நிக்கிற என் மூணு ஹோயாப் பூக்கொடிக்கும் முடி வெட்டி விட்டுட்டீங்க. பூ உதிர்ந்தப்புறம் மொட்டையா நிக்குதே ஒரு காம்பு, அது காஞ்ச குச்சி இல்லைங்க. அடுத்த வருஷமும் அதே காம்புலதான் பூக்கும். ரோஸ் பூக்காரி, வெள்ளைப் பூக்காரி, இதய இலைக்காரி, மூணு பேருக்கும் அதே பழக்கம்தான். அந்த இதய இலைக்காரி ஆறு வருஷம் முறைச்சுக்கிட்டே இருந்துட்டு, போன வருஷம்தான் முதல் தடவையா பூத்தா. "திரும்ப வளரும் விடு"ன்னு சொல்றீங்க. மாசாமாசம் வளர அது உங்க கஸ்டமர் தலையா?

திரைச்சீலைக்குப் பின்னாடி இருந்ததால வெள்ளைப் பூக்காரியோட ஒரே ஒரு காம்பு தப்பிச்சிருக்கு. அந்தத் தொட்டியை ஹால் நடுவுல ஸ்டூல் மேல வெச்சிருக்கேன். எல்லாரும் சுத்திப் போங்க. நகர்த்தினா கண்டுபிடிச்சிடுவேன், ஸ்டூலைச் சுத்தி சாக்பீஸ்ல கோடு போட்டிருக்கேன்.

அக்காவுக்கு முட்டி வலி, உசரமான நாற்காலியைத் துடைச்சு வெச்சிருக்கேன். அவங்க மேல எனக்குக் கோபமே இல்ல.

இன்னொண்ணு. உங்க கடைக் கத்தரிக்கோல் ரெண்டையும் தேடி வீட்டைப் புரட்டாதீங்க. ரெண்டும் என்கூட வேன்ல வருது. இன்னைக்குக் கடையில ஷேவிங் மட்டும் பண்ணுங்க.