அரை அங்குலக் கொசுறு

நம் வீட்டு நிம்மதியின் இன்றைய விலை அரை அங்குலம் ஸ்டீல்.

என்னங்க, பீட்சா சுடுவதற்கு நீங்கள் செய்து வாங்கிய தகடு சமையல் மேடையில் கிடக்கிறது. எப்படித் திருப்பினாலும் ஓவன் வாயிலேயே நிற்கிறது. நான் கொடுத்த அளவு பதினான்கு அங்குலம். காலையில் வெல்டிங் பட்டறைக்காரருக்குப் போன் போட்டேன். "உங்க வீட்டுக்காரர்தாம்மா கொசுறு கேட்டாரு, அரை அங்குலம் சேர்த்தே வெட்டிக் குடுத்தேன்" என்று பெருமையாகச் சொல்கிறார். தகட்டில் கொசுறு கேட்க அது என்ன கொத்தமல்லிக் கட்டா?

மகள் தன் தோழிகளைச் சாயங்காலம் பீட்சாவுக்கு அழைத்துவிட்டாள். அதற்குள் பட்டறைக்குப் போய் அறுத்து வாங்கி வாருங்கள். பேரம் வேண்டவே வேண்டாம், கேட்ட கூலியைக் கொடுங்கள். பிசைந்த மாவு ஃபிரிட்ஜில் இருக்கிறது. சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பி.கு: கடைக்காரர் மகள் நான். "கொசுறு கேக்காம வராதீங்க" என்று கல்யாணமானதிலிருந்து நச்சரித்தவளும் நான்தான். முதல்முறையாகக் கேட்டிருக்கிறீர்கள், அதுவும் இதில்!

இன்னொன்று: நேற்று ராத்திரி நடந்த சண்டையில் என் நாக்கும் கொஞ்சம் நீளமாகத்தான் போய்விட்டது. தகட்டில் நீங்கள் அரை அங்குலம் குறைத்து வாருங்கள், நாக்கில் நான் அரை அங்குலம் குறைத்துக்கொள்கிறேன். கணக்கு நேர்.