அல்துன் அடுப்பு போடும் இடத்தில் ஒரு வாய்க்கால்

அன்பு மகள் ஸேனிக்கு அப்பா எழுதுவது. இங்கே மழைக்கு முந்தைய குளிர் இறங்கிவிட்டது, உடம்புக்கு ஒன்றும் இல்லை, நீயும் மாப்பிள்ளை கோஸ்மாஸும் தலைநகரில் சுகமாக இருக்கக் கன்னித்தாய் காக்கட்டும். குளிருக்குக் கடல்வழி மூடுவதற்குள் கடைசிக் கப்பலில் ஏறி வந்துவிடச் சொல்லி எழுதியிருந்தாய், துருக்கர் நடுவில் அப்பா தனியாகக் கிடக்கிறாரே என்று நீ அழுததாக மாப்பிள்ளையும் ஒரு வரி சேர்த்திருந்தார். உன் அம்மா போன பிறகு யார் எதைச் சொன்னாலும் சரி என்று தலையாட்டும் ஆளாகிவிட்டேன், அதனால் மூட்டையும் கட்டி வைத்திருந்தேன்.

அதற்குள் ஊரில் நடந்த கூத்தைக் கேள். போன குளிரில்தான் துருக்கர் முதன்முதலாக ஆற்றோரம் வந்து தங்கினார்கள். வசந்தத்தில் கூடாரத்தைப் பிரித்து ஒட்டகத்தில் ஏற்றியதும், பேரரசரின் படைக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட, நம் ஆட்கள் கோயில் மணி அடித்துக் கும்மாளம் போட்டார்கள். எல்லைக் காவலருக்குச் சம்பளமே தராதவர் படை எங்கே அனுப்பப் போகிறார்! கோடைக்கு மந்தையோடு மலையேறுவதும் குளிருக்கு இறங்குவதும் அவர்கள் வழக்கம் என்று நமக்குத் தெரியவில்லை. அவர்கள் தங்கியிருந்த இடம் முழுக்க நம் ஆட்கள் திராட்சை நட்டார்கள், தண்ணீருக்கு வழி செய்ய வாய்க்கால் வெட்டுகிறவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அம்மாவைப் புதைத்த ஈரம் காயாத நேரம். நிலத்தின் சரிவை மட்டும் பார்த்து வெட்டினேன், வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை.

சென்ற வாரம் மந்தையோடு திரும்பி வந்துவிட்டார்கள். இந்தப் பக்கம் நம் ஆட்கள் அரிவாளோடு, அந்தப் பக்கம் அவர்கள் குதிரைமேல். நடுவில் புகுந்து நேராக நம் வீட்டுக்கு வந்தாள் அல்துன். அம்மாவுக்குத் தயிர் விற்றவள், தினமும் வாசலில் அளவுக்குச் சண்டை போட்டுவிட்டு அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டவள். நம் மொழியைப் பாதி கடித்துப் பாதி விழுங்கித்தான் பேசுவாள். கையில் அம்மாவுக்கென்று ஒரு தோல்பை நிறையப் பாலாடைக்கட்டி. “ஏ டெஸ்பினா, வெளிய வாடி! நான் அடுப்பு போடுற எடத்துல உன் புருஷன் வாய்க்கா வெட்டி வெச்சிருக்கான். அவனக் கட்டிக்கிட்டவ நீதானே, வந்து கேளு!” என்று கத்தினாள். அம்மா போனதை ஊரில் யாருக்கும் நான் சொல்ல வேண்டி வந்ததில்லை மகளே, உனக்குக்கூடக் குருவானவர்தான் எழுதினார். இவளுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. “அவ செத்துட்டா அல்துன், ஈஸ்டர் முடிஞ்ச கையோட” என்றேன்.

பையைப் போட்டாள், தலைமுடியை அவிழ்த்துவிட்டாள், தன் வீட்டுச் சாவுக்கு அழுவதுபோல் தொடையில் அறைந்து அழுதாள். “என் தயிருல தண்ணின்னு சொன்ன வாய்க்காரி, இனி யாரோட நான் மல்லுக்கு நிப்பேன்!” கேட்டுக்கொண்டே நின்ற நான் எப்போது படியில் உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை, அடக்கத்தன்றுகூட வராத அழுகை மூக்கில் ஒழுக வந்தது. சத்தம் கேட்டு இரண்டு பக்கத்தாரும் ஓடி வந்தார்கள். சாவு வீட்டு வாசலில் யார் சண்டை போடுவார்கள்? குதிரைக்காரர்கள் இறங்கி நின்றார்கள், நம் ஆட்கள் அரிவாளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்கள். வெகுநேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்து, “சரி, அழுதாச்சு. வாய்க்கால எப்ப மாத்துவ?” என்றாள்.

இப்போது மலையடிவாரமாக அதைத் திருப்புகிறேன். அவர்கள் ஆடுகளுக்கும் தண்ணீர், நம் கொடிகளுக்கும் தண்ணீர், நடுவில் முள்வேலி. மண் சுமக்க அவள் புருஷன் ஆள் தருகிறான். மழைக்கு முன் முடிக்க வேண்டும், அதனால் கப்பலுக்கு நான் வரவில்லை. வேலைக்காக மட்டும் இல்லை, காலையில் எழுந்தால் பசிக்கிறது மகளே. பதினேழு வயதில் உனக்கு அப்பன் ஆனவன், இன்னும் வயதிருக்கிறது என்று எனக்குப் பெண் பார்க்கிறார்கள், நேற்று அல்துன்கூட ஒரு பெயர் சொன்னாள், போ என்று விரட்டிவிட்டேன். கவலைப்படாதே.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், உங்கள் வீடு நிறையட்டும். தொட்டித் தண்ணீரைக் காய்ச்சிக் குடி. அம்மாவுக்காகக் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றும்போது வாயைப் பொத்திக்கொண்டு அழாதே. அக்கம்பக்கம் என்ன சொன்னாலும் சொல்லட்டும், சத்தமாகவே அழு.

இப்படிக்கு, உன் அப்பா
நிகிதாஸ்