எட்டு வாட்டா, முப்பது வாட்டா

ஜனவரி 9, 2024

பழைய ஆம்ப்ளிஃபயர் போய்விட்டது. இடது பக்கம் ஒரு வாரமாகக் கரகரத்துக்கொண்டிருந்தது, இன்று ஒரேயடியாக அடங்கிவிட்டது. ஒரு வகையில் நல்லதுதான். அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த ஸ்பீக்கர்கள் இவை. கோட்டூர்புரத்தில் வீட்டை விற்றுவிட்டு அமெரிக்கா போனவரிடம் வாங்கினேன். பழைய ரேடியோவில் இருப்பதுபோன்ற கண்ணாடி வால்வ் வைத்த ஆம்ப்புக்கென்றே செய்தவற்றை இத்தனை வருஷம் டிரான்சிஸ்டரில் ஓட்டிக்கொண்டிருந்தேன். இனி குல்ஷனிடம் ஒரு வால்வ் ஆம்ப் கட்டித்தரச் சொல்ல வேண்டியதுதான்.

வைதேகி: "அந்த ரெண்டு பீரோவும் ஒரு மாசம் வாயை மூடிண்டு இருந்தா ஆத்துல கொஞ்சம் நிம்மதி."

ஜனவரி 21

குல்ஷன் தி. நகரிலிருந்து ஆட்டோவில் இரண்டு ஆம்ப்போடு வந்து இறங்கினான். கல்லூரி நண்பன். சிந்திக் குடும்பம், பாண்டி பஜாரில் துணிக்கடை. பேச்சு மட்டும் சுத்த மெட்ராஸ். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வால்வ் ஆம்ப் கட்டிக்கொண்டிருக்கிறான்.

சின்னது எட்டு வாட். பக்கத்துக்கு ஒரே ஒரு பவர் வால்வ். ரெக்கார்டைப் போட்டதும் பாடுகிறவள் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள், அவ்வளவு அருகில். ஆனால் மிருதங்கத்தின் தொப்பி, அந்த இடது பக்கத்து அடித்தொனி, சுவரில் ஈரம் இறங்குவதுபோலப் பரவிவிடுகிறது. பெரியது முப்பது வாட். தொப்பியில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுகிறது. குரல் மட்டும் இரண்டு முழம் தள்ளிப்போய்விடுகிறது.

"இன்னா மச்சி, எது?"

ரெக்கார்டை மறுபடியும் முதலிலிருந்து போட்டேன்.

"ரெண்டும் இங்கயே இர்க்கட்டும். பொறுமையா கேட்டுட்டு சொல்லு."

பிப்ரவரி 4

இன்னும் தீர்மானிக்கவில்லை. காலையில் குரலுக்காகச் சின்னது என்று தோன்றுகிறது. சாயங்காலம் தனி ஆவர்த்தனம் போட்டால் பெரியது.

ஷேவ் செய்யும்போது கழுத்தில், தாடைக்குக் கீழே, கட்டி மாதிரி ஏதோ. சளிக்கு நெறி கட்டியிருக்கும்.

பிப்ரவரி 27

டான்சிலில் புற்றுநோய். கழுத்துக் கட்டியும் அதனால்தான்.

மார்ச் 6

அடையாறு ஆஸ்பத்திரி. டாக்டர் மாளவிகா, என் மருமகள் வயதுதான் இருக்கும். நிதானமாகச் சொன்னார். ரேடியேஷனோடு ஒரு மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டும்.

"இதுதான் சார் நல்லா வேலை செய்யும். ஆனா காதை பாதிக்கலாம். மெல்லிசான, கீச்சுன்னு இருக்கற சத்தமெல்லாம் முதல்ல போகும். போனா திரும்ப வராது. எல்லாருக்கும் அப்படி ஆகறதில்ல."

"வேற மருந்து?"

"இருக்கு. காதுக்கு அவ்வளவா ஆபத்தில்ல. ஆனா அதுல இவ்வளவு நம்பிக்கையா என்னால சொல்ல முடியாது."

"அதையே குடுங்க" என்றேன். யோசிக்கவே இல்லை. டாக்டர் வைதேகியைப் பார்த்தார். பிறகு, "ரெண்டு நாள் எடுத்துக்குங்க."



மார்ச் 8

இன்று காலை வைதேகி காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தப் பொட்டிக்காகவா?"

"பொட்டி இல்ல. கேக்கறது. அது போயிடுத்துன்னா அப்புறம் எனக்குன்னு என்ன இருக்கு?"

சொன்னபிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவ எதிர்ல உக்காந்துண்டு இருக்கா, அவகிட்டயே போய் என்ன இருக்குன்னு கேக்கறேன் —

அவள் அழவில்லை. "காது கேக்காத ஆம்படையான் எனக்குப் போறும். கத்திக் கத்திப் பேசிண்டு காலத்தை ஓட்டிடுவேன். ஃபோட்டோல இருக்கறவர்கிட்ட எவ்வளவு கத்தினாலும்..." முடிக்காமல் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். காபியை நான் இன்னும் குடித்திருக்கவில்லை.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தேன். முதல் மருந்தே.

மார்ச் 17

நாளை ஆரம்பம். சாயங்காலம் ஒரே ரெக்கார்டைச் சின்னதில் ஒரு தடவை, பெரியதில் ஒரு தடவை கேட்டேன். தீர்மானிப்பதற்காக இல்லை.

ஏப்ரல் 12

காதுக்குள் ஓயாமல் ஒரு ரீங்காரம். வைதேகி தெர்மாமீட்டரை வைத்துவிட்டு, பிறகு எடுத்துப் பார்த்தாள். அது 'பீப்' என்றதாம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் 24

காது பரிசோதனை. கண்ணாடி அறை, ஹெட்ஃபோன். சத்தம் வந்தால் பட்டனை அழுத்த வேண்டும். வெளியே வர்ஷினி என்ற பெண். கண்ணாடி வழியே அவள் தோள் அசைவது தெரிந்தது. அது அசையும்போதெல்லாம் அழுத்தினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். ஹெட்ஃபோனை ஒரு பக்கம் நகர்த்தி, காதருகே குனிந்து, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, "அங்கிள், இப்ப நான் சத்தமே குடுக்கல. பேனாவைத்தான் எடுத்தேன்" என்றாள்.

பரீட்சையில் பிட் அடித்து மாட்டிக்கொண்டவன்போல உட்கார்ந்திருந்தேன். அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தோம். ரொம்ப நேரம் என் விரலுக்கு வேலையே இல்லை.

மே 20

தொண்டை வெந்துகிடக்கிறது. எழுதவும் தெம்பில்லை.

ஜூலை 29

ஸ்கேனில் கட்டி இல்லை. டாக்டர் மாளவிகா இரண்டு தடவை சொன்னார். முதல் தடவை எனக்குப் புரியவில்லை. வைதேகி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை மாதத்தில் இப்போதுதான்.

காதுக்கு மிஷின் போட்டாகிவிட்டது. பேச்சு ஏதோ வருகிறது. பாட்டு தகர டப்பாவில் மணலைக் கொட்டுவதுபோல வருகிறது. கழற்றினாலோ வயலின் இல்லை, கஞ்சிராச் சலங்கை இல்லை, பாடுகிறவளின் வாயில் சொல் இல்லை.

குல்ஷனுக்கு மெசேஜ் அனுப்பினேன்: இரண்டு ஆம்ப்பையும் எடுத்துக்கொண்டு போ. ஸ்பீக்கருக்கும் ஆள் பார்.

ஆகஸ்ட் 11

குல்ஷன் வந்தான். நான் படுக்கையறையை விட்டு வெளியே போகவில்லை. கொஞ்ச நேரத்தில் தரை அதிர்ந்தது. எழுந்து வாசற்படியில் நின்று பார்த்தேன். என் நாற்காலியில் வைதேகி, மடியில் பீன்ஸ் தட்டு. ஓடிக்கொண்டிருந்தது சின்ன ஆம்ப். நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். தட்டையும் எடுத்துத் தரையில் வைத்தாள். ரெக்கார்டின் அந்தப் பக்கம் முடியும்வரை அசையவில்லை. அப்புறம் பெரியது. அதைக் கேட்கும்போது பாதியில் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டாள்.

"எதும்மா?" என்று குல்ஷன் கேட்டிருக்க வேண்டும். அவள் பெரியதைக் காட்டினாள்.

"உனக்குப் பிடிச்சது சின்னதுதானே!" என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன், இரண்டு பேரும் திரும்பினார்கள். அவள் பக்கத்தில் வந்து, வாய் நன்றாகத் தெரியும்படி நிறுத்திச் சொன்னாள்: "இதுல மிருதங்கம் தனித்தனியா விழறது. அது உங்களுக்கு வரும்."

குல்ஷன் சின்னதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டான். போகும்போது என் முதுகில் ஒரு தட்டு தட்டினான். ஏதோ சொல்லவும் சொன்னான். திரும்பக் கேட்கவில்லை.

செப்டம்பர் 8

நான் ரெக்கார்ட் அவ்வளவாகப் போடுவதில்லை. தொப்பி வருகிறது, அவள் சொன்னதுபோல. அது மட்டும் வந்து என்ன செய்வது.

இன்று காலை நாகேஸ்வர ராவ் பார்க்கில் இரண்டு சுற்று நடந்துவிட்டு, தயிர் வாங்கிக்கொண்டு வந்தேன். கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. உள்ளே ரெக்கார்ட் ஓடிக்கொண்டிருந்தது. அவளேதான் எடுத்துப் போட்டிருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கன்னம் நனைந்திருந்தது. நான் வந்தது தெரியவில்லை.

என்ன பாட்டு என்று கேட்டால் எழுந்துவிடுவாள். செருப்பைக் கூடக் கழற்றாமல் சுவரோரமாக நின்றேன். மிருதங்கம் மட்டும் வந்துகொண்டிருந்தது. தொடையில் விரலை வைத்து எண்ணிப் பார்த்தேன்.

ஆதி தாளம். அதற்கு மேல் தெரியவில்லை.