பின்வரிசைப் பென்சில்

மார்ச் 4, செவ்வாய்

காலை மழை. விழுந்த உடனே ஐஸ். ஐஸில் வழுக்காமலிருக்கச் சப்பாத்துக்கு இரும்பு முள் மாட்டியும் பஸ் தரிப்பில் ஒரு வழுக்கல். இடுப்பு தப்பியது.

இன்று நான் வேலை செய்யும் பாலர் பள்ளிக்கு எழுத்தாளர் இங்கபோர்க் வந்தார். இவர் கதை கேட்காமல் இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளை இல்லை. என் மகள் அபி சின்ன வயதில் இவருடைய ஒரு புத்தகத்தின் மூலையைக் கடித்தே தின்றிருக்கிறாள். எண்பதைத் தாண்டியவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு இன்னும் நாக்குக் கூசுகிறது. இங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இனிச் சுருக்கமாக இ. என்று எழுதுகிறேன். (பேசுவது நொர்ஸ்க், நோர்வேக்காரரின் மொழி. என் பேனாவில் தமிழாகிறது.)

இ.யின் வேலை முறை விசித்திரம். அச்சுக்குப் போகுமுன் புத்தகத்தைப் பிள்ளைகளுக்கு வாசிப்பார். பின்வரிசையில் ஒருவர் இன்னொரு பிரதியும் பென்சிலுமாக இருக்கவேண்டும். பிள்ளைகள் நெளியும் இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு. கோடு விழுந்த இடத்தை வீட்டுக்குப் போய் வெட்டிவிடுவார். வடக்குக் கோடியில், ஹம்மர்பெஸ்டில் இளம் டீச்சராக இருந்தபோது வந்த பழக்கமாம். சூரியன் எட்டிப் பார்க்காத மாதங்களில் பிள்ளைகள் வகுப்பிலேயே தூங்கி விழுவார்களாம், விழித்திருக்கக் கதை சொன்னாராம். பிறகு வானொலி. பிறகு புத்தகங்கள். அத்தனைக்கும் பென்சில் பிடித்தவர் கணவர் அர்னே. போன இலையுதிர் காலத்தில் இறந்துவிட்டார்.

"இது கடைசிப் புத்தகம். பிள்ளைகளின் முதுகைப் பார்த்தே உங்களுக்கு விளங்கும், நீங்கள் பிடியுங்கள்" என்று பென்சிலை என்னிடம் தந்தார்.

முதல் இரண்டு அத்தியாயங்கள் அருமை. மூன்றாவதில் ஒரு கிழவர் கவிழ்த்துப் போட்ட படகுக்குத் தார் பூசுகிறார், கடற்காகத்துக்கு விசில் அடிக்கிறார். அடுத்த தாளில் நோய். பிறகு ஆஸ்பத்திரிக் கட்டில், ஜன்னல், சாவு. அர்னேதான், கேட்கத் தேவையில்லை. பிள்ளைகள் நெளிய ஆரம்பித்தார்கள். அவர்களில் லீனா என்பவள் வாசிப்பின் தொடக்கத்திலேயே தான் இருந்த கதிரைக்கு அடியில் போய்ப் படுத்து அதன் காலை உதைத்துக்கொண்டிருந்தாள்.

நான் கோடு போடவில்லை. செத்த வீட்டுக்காரர் எழுதிய பக்கத்தில் எந்த மனத்தோடு போடுவது?

"மூன்றாவதில் ஒன்றும் இல்லையா?"

"இல்லை. நன்றாக இருந்தது."

குளிர்க்கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 5, புதன்

வெயில். கண் கூசும் அளவுக்கு. பால், முட்டை, அபிக்குக் காய்ச்சல் மாத்திரை.

மதியம் இ.யிடமிருந்து தொலைபேசி.

"நான் வாசித்துக்கொண்டிருந்தேன், கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை. ஒரு பிள்ளை கதிரைக்கு அடியில் கிடந்தாள்."

"உங்களுக்குக் கவலையாக இருக்கும் என்று..."

"கவலையை நான் பார்த்துக்கொள்வேன், சுகந்தி. நீங்கள் கோட்டைப் போடுங்கள். அடுத்த செவ்வாய் மற்றப் பிரிவுக்கு வாசிக்கிறேன்."

முகம் எரிந்தது. இந்த வயதில் பேச்சு வாங்கிய பிள்ளை மாதிரி நின்றேன்.

இரவுச் சாப்பாட்டில் சொன்னேன். என் கணவர் வழக்கம்போல என் கட்சி: "செத்த வீட்டிலை போய் ஆரும் அப்பிடிச் சொல்லுவினமே? நீர் செய்தது சரிதான்."

அபி காய்ச்சலோடும் விடவில்லை: "அம்மா, நீங்கள் அவவுக்குப் பொய் சொல்லியிருக்கிறியள். கடைசிப் புத்தகம் பிழைச்சுப்போனா ஆர் பொறுப்பு?"

இரண்டு பேருக்கும் புட்டு ஆறிவிட்டது.

மார்ச் 8, சனி

மறுபடி பனி. மார்ச் என்று யாராவது இதற்குச் சொன்னால் தேவலை.

அபியின் பழைய புத்தகத்தை எடுத்து வாசித்தேன், கடித்த மூலை உட்பட. வெட்ட ஒரு வரி இல்லை. இந்த அர்னே காலமெல்லாம் மனைவி எழுதியதில் கோடு போட்டிருக்கிறார், வீடும் உடையவில்லை. இங்கே கறியில் உப்புக் கூட என்று என் கணவர் ஒருநாள் சொல்லிப் பார்க்கட்டும்.

அபி சொன்னதுதான் சரி. ஒத்துக்கொள்ளக் கோபமாக வருகிறது.

மார்ச் 11, செவ்வாய்

மழை. ஐந்து சோடி ஈரக் கையுறை, உரிமை கோர ஆளில்லை.

இ. வாசித்தார். நான் போட்டேன். மூன்றாம் அத்தியாயத்தில் ஆஸ்பத்திரி வந்ததிலிருந்து ஓரம் முழுக்கக் கோடு.

முடிந்ததும் என் பிரதியை வாங்கி நின்றபடியே பார்த்தார். அந்த அத்தியாயத்தின் மூன்று தாள்களையும் உருவி எடுத்தார், மடித்தார். பைக்குள் வைக்கவில்லை, குளிர்க்கோட்டின் உள்பொக்கெற்றுக்குள் வைத்தார்.

"நன்றி" என்றார். அவ்வளவுதான்.

பிள்ளைகளின் உடுப்பு உலர்த்தும் அலமாரிக்குப் பின்னால் போய் அழுதேன். அர்னேயை நான் முன்பின் கண்டதுகூட இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

பனி உருகி ரோட்டெல்லாம் சரளைக்கல். சப்பாத்து முள்ளைக் கழற்றியாயிற்று. அபிக்குச் சுகம், வேலைக்குப் போய்விட்டாள்.

இ.யின் கடைசி வாசிப்பு, முதல் கேட்ட அதே பிள்ளைகளுக்கு. மூன்றாம் அத்தியாயம் இல்லை. விறுவிறுவென்று ஓடியது கதை. ஒரு கோடுகூடப் போட வேலை இல்லை. முடிந்ததும் பிள்ளைகள் கை தட்டினார்கள். லீனா மட்டும் தட்டவில்லை.

"தார் பூசுற ஆள் எங்கை?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இ. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவரை உனக்கு ஞாபகம் இருக்கிறதா?"

லீனா ஒரு காலில் ஆடியபடி சொல்லத் தொடங்கினாள். படகு கவிழ்ந்து கிடக்கும். தார் மணக்கும். அவர் விசில் அடிப்பார், கடற்காகம் தலையைச் சரித்துப் பார்க்கும். மீசையில் தார். ஒன்றும் விடவில்லை. கதிரைக்கு அடியில் கிடந்து கேட்டதெல்லாம்.

"பிறகு?" என்று கேட்டார் இ.

"பிறகு ஒண்டும் இல்லை. இப்பவும் பூசிக்கொண்டு நிக்கிறார்."

இ. தன் குளிர்க்கோட்டை எடுத்துவரச் சொன்னார். மடித்த மூன்று தாள்களும் உள்பொக்கெற்றிலேயே இருந்தன. என் பென்சிலை வாங்கி, ஆஸ்பத்திரித் தாள்கள் இரண்டுக்கும் மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டார். படகுத் தாளை நீவி, மறுபடி இடத்தில் செருகினார். முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.

லீனா கதிரைக்கு அடியில் புகுந்துகொண்டாள். கதிரைக் காலை உதைத்தபடியே இருந்தாள், கடைசி வரை.

நான் கோடு போடவில்லை. இ. ஏன் என்று கேட்கவும் இல்லை.