கையை விடுங்க

மார்ச் 3

இன்றும் அவருக்குச் சட்டைப் பொத்தான் நான்தான் போட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக வலது கை மடியில் கிடக்கிறது, யாரோ வைத்துவிட்டு மறந்துபோன பை மாதிரி. பக்கவாதம் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

ஏப்ரல் பிறந்தால் நான் நூலகத்துக்குத் திரும்ப வேண்டும். பகல் முழுக்க இவர் தனியாக.

வாசல் கதவுதான் பயம். பூட்டுக் கடைக்காரரான இவர் சொந்த வீட்டுக்குப் பார்த்துப் பார்த்துப் போட்ட பூட்டு. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். உள்ளேயிருந்து திறக்கவும் சாவி வேண்டும். ஒரு கை குமிழை இழுத்துப் பிடிக்க, மறு கை திருப்ப. அடுப்பு பற்றிக்கொண்டால்? விழுந்தால்? மாற்றிவிடலாம் என்றால், "பூட்டு வாங்க வர்றவன் மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?" என்கிறார்.

மார்ச் 6

பிசியோதெரபி. சின்னப் பெண்தான், அதட்டல் மட்டும் பெரியது. அவர் டம்ளரை எட்டும்போதெல்லாம் நான் முழங்கையைத் தாங்கிக்கொண்டே இருந்தேன்.

"அக்கா, கையை விடுங்க."

"விழுந்துடுமே."

"விழட்டும். இந்தக் கைல கொஞ்சம் உயிர் வந்திருக்கு. ஆனா கூப்பிட ஆளில்ல. இவரோட இடது கையும் நீங்களும் சேர்ந்து எல்லாத்தையும் முடிச்சுடறீங்க. கூப்பிடாத வேலைக்கு மூளை எதுக்கு ஆள் அனுப்பும்?"

வரும் வழியெல்லாம் அதே வார்த்தை. கையை விடுங்க. கைவிடுங்க. நடுவில் ஒரே ஓர் எழுத்து. இவரையா?

மார்ச் 9

பொத்தானைத் தொடவில்லை. என் கைகளை என் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். முதல் பொத்தானுக்குள்ளேயே காபி ஆறிப்போனது.

"வேடிக்கை பாக்கறியே, கல்லாடி நீ?"

நாத்தனார் போனில்: "என் தம்பிய வெச்சு வித்தை காட்டறீங்களா ரெண்டு பேரும்?"

குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நான் செய்வது சரியா? யார் சொல்வார்கள்?

மார்ச் 14

டம்ளர் உடைந்தது. எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 19

பிசியோ பெண்ணிடம் கதவு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். இவர் முறைத்தார்.

"வலது கையாலதான் சாவி திருப்புவேன். இல்லன்னா எதுக்கு இந்தப் பாடு?"

"திருப்பறத இடது கை பாத்துக்கட்டும்ணா. வலது கை பிடிச்சு இழுத்தாப் போதும். கதவும் கொஞ்சம் எறங்கி வரட்டும். குமிழுக்குப் பதிலா நீளக் கைப்பிடி."

"நொண்டிக் கைப்பிடியா?"

"கைப்பிடி நொண்டியில்ல. உங்களுக்குப் பிடி குடுக்காத குமிழ்தான் நொண்டி."

 திரும்பும் வழியில் இவர் ஆட்டோவைத் தன் கடை வாசலில் நிறுத்தச் சொன்னார்.

மார்ச் 21

தச்சர் வந்து கைப்பிடி மாட்டினார். இவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "யோவ், திருகு கோணலா ஏறுதுய்யா!" என்று உயிரை வாங்கினார். இந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

மார்ச் 27

நான் வெளியே, இவர் உள்ளே. ஒத்திகை. கைப்பிடி இறங்கும், தடக்கென்று மேலே போகும். சாவி விழும் சத்தம். குனிகிறாரா? எப்படி எழுந்திருப்பார்? என் சாவியைப் பூட்டில் நுழைத்தேவிட்டேன்.

"போயிட்டியா, இருக்கியா?"

"இருக்கேங்க."

"அப்போ உன் சாவிய எடு. இடிக்குது."

எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் ஒரு விரற்கடை வெளிச்சம், வியர்த்த முகம்.

"யாரைப் பாக்கணும்?" என்றார்.

ஏப்ரல் 1

வேலைக்குப் போனேன். ஓயாமல் வீட்டுக்குப் போன். கடைசியில், "செத்தாச் சொல்றேன், வேலையப் பாருடி."

ஏப்ரல் 24

விரல்கள் இன்னும் சரியாக விரியவில்லை. விரியாமலே போகலாம், தெரியாது என்கிறாள் அந்தப் பெண். காலையில் எனக்குக் கதவைத் திறந்துவிட்டபோது பார்த்தேன், மேல் பொத்தான் மட்டும் மாறிப்போட்டிருந்தார், நான் சொல்லவில்லை.

மதியம் நூலகத்தில் பைக்குள் பேனா தேடும்போதுதான் தெரிந்தது, வீட்டுச் சாவியை எடுத்து வரவே இல்லை.

பேனா கிடைத்தது.