நாளுக்கு நாற்பது அடி

அருமை மகனுக்கு,

நீ வாங்கி அனுப்பிய கைக்கடிகாரம் நன்றாகவே வேலை செய்கிறது. நான் தினமும் எத்தனை அடி நடக்கிறேன் என்பது உன் போனுக்கு வந்துவிடுமாமே. "இனிமே எப்படி இருக்கீங்கன்னு கேட்கவே வேண்டாம்பா" என்றாய். சொன்னபடியே நீ கேட்கவில்லை.

ஃப்ளூ காய்ச்சலில் பதினோரு நாள் படுத்துக் கிடந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போய் வந்ததுதான் நடை; நாளுக்கு நாற்பது அடி. எதிர்வீட்டுக்காரர் மாத்திரை வாங்கித் தந்தார். நானே உன்னைக் கூப்பிட்டிருக்கலாம்தான். நீ பார்த்துக்கொண்டிருப்பாய் என்று இருந்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் பழையபடி காலை நடைக்குக் கிளம்பினேன். பாதி வழியில் தபால்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, தெருமுனையைத் தொட்டுத் திரும்பினேன். செருப்பைக் கழற்றுவதற்குள் உன் செய்தி வந்தது: "என்னப்பா, பதினோரு நாளா ஒரே சோம்பேறித்தனம்! இன்னைக்கு அறுநூறுதானா?"

ஆக, அந்த நாற்பதையும் தினமும் பார்த்திருக்கிறாய்.

இனி உனக்குக் குறை இருக்காது. கடிகாரத்தை எதிர்வீட்டு நாயின் கழுத்தில் கட்டிவிட்டேன். தினமும் பத்தாயிரம் வரும். என்றாவது குறைந்தால், அதற்காவது ஒரு போன் போட்டு விசாரி. பாவம், வாயில்லா ஜீவன்.

இப்படிக்கு,
உன் சோம்பேறி அப்பா