நீ சாய்ந்திருந்த சுவர்

என் கண்ணான லாத்தா,

உன்மீது ஸலாம் உண்டாகட்டும். பெண்பிள்ளைகள் மையவாடிக்குள் வரக்கூடாது என்று நம் ஊரில் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்கள். உன்னை அடக்கிய கபர் எந்த மூலையில் இருக்கிறது, தலைமாட்டில் என்ன செடி நிற்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆண்கள் போய்வந்து சொல்வதைக் கேட்டுக்கொள்வதோடு சரி. அதனால்தான் எழுதுகிறேன். கொழும்புக் கடைக்கு எழுதி எழுதிப் பழகிய கை. இதற்குத் தபால்தலை ஒட்டும் வேலை மட்டும் இல்லை.

பயமாக இருக்கிறது லாத்தா. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் முழுகாமல் இருக்கிறேன், மாதம் நெருங்கிவிட்டது. உன்னைக் கொண்டுபோன அதே இரைப்பு எனக்கும் வந்திருக்கிறது. உன் மகள் நூருக்கும் வந்திருக்கிறது. அந்தச் சின்ன நெஞ்சுக்குள்ளிருந்து சீட்டியடிக்கிற மாதிரி சத்தம் வரும்போது எனக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை.

நீ போன பிறகு கூடப்பிறந்த தங்கச்சி என்னை உன் மாப்பிள்ளைக்கே நிக்காஹ் செய்துவைத்தது உனக்குத் தெரியுமா? "புள்ளைய மாத்தாந்தாய் கையில குடுக்க முடியாது, வீடும் நம்ம வீடு" என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. அன்றைக்கும் அவரை மச்சான் என்றுதான் கூப்பிட்டேன், இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். நல்ல மனிதர். கொழும்புக் கடையிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை கப்பலேறி வந்து, உன் பெயரைச் சொல்லாமல் உன்னையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டுப் போவார். உனக்கு என்மேல் கோபம் இருந்தால் அந்தச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம். இப்போது மூச்சைப் பற்றிப் பேச வேண்டும்.

நம் கீழக்கரையில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண் பிறந்தால் தகப்பன் வீடு கட்டியாக வேண்டும். உனக்கென்று வாப்பா அந்தச் சுண்ணாம்புக் காரைவீட்டைக் கட்டியபோது நாம் இருவரும் பாவாடை கட்டின பிள்ளைகள். "கடலு குடுத்த காசு, கடலு குடுத்த கல்லு, கடலு குடுத்த மணலு!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாப்பா மார்தட்டியது நினைவிருக்கிறதா? குடிக்கிற தண்ணீருக்கே நாம் குடத்தோடு அலைகிற சீமையில் சுண்ணாம்பு குழைக்க நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? உவர்க்கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் குழைத்தார்கள். ஆற்று மணலுக்கு வண்டி கட்டுவானேன், வாசலிலேயே கடற்கரை கிடக்கிறதே என்று மணலையும் அங்கேயே அள்ளினார்கள்.

பூச்சு காயாத சுவரை நாம் இருவரும் நக்கிப் பார்த்தோமே. "ஏடி, இனிமே கஞ்சிக்குக் கருவாடு வேணாம், செவரே போதும்" என்று நீ சொல்ல, சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அந்த உப்புதான் லாத்தா. வாடைக்காற்று திரும்பினால் போதும், சுவர் வேர்க்க ஆரம்பித்துவிடும். அதிலும் மணமக்களுக்கென்று ஒதுக்கிய மாப்பிள்ளை அறை. தெருவில் போகிறவன் கண் பெண்கள்மேல் படக்கூடாதென்று ஜன்னலே வைக்கவில்லை. உத்தரத்துக்குக் கீழே புறா நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம், அவ்வளவுதான்.

உன் கல்யாணத்துக்கு அந்தச் சுவரை வெள்ளையடித்து, சிவப்புப் பட்டுத்துணியால் மூடி, மேலே விதானம் கட்டினார்கள். ஊரே வந்து பார்த்துவிட்டு மாஷா அல்லாஹ் சொல்லிப் போனது. துணிக்குப் பின்னால் பூசணம் பச்சையாகப் படர்ந்ததை யார் பார்த்தார்கள்? உனக்கு இரைப்பு வந்தது. காற்று பட்டால் கூடிப்போகும் என்று அந்தத் துவாரத்திலும் பழந்துணியைத் திணித்தார்கள். நீ இருமினால் கதவைச் சாத்தினார்கள். இன்னும் இருமினால் சாம்பிராணி போட்டார்கள். ஓதித் தண்ணீர் கொடுத்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். எல்லாம் உன்மேல் உள்ள பாசத்தில் செய்ததுதான்.

நடுவில் ஒருமுறை புதுமடத்தில் பெரியம்மாவின் ஓலை வீட்டில் உன்னைக் கொஞ்சகாலம் வைத்திருந்தார்களே, அப்போது நன்றாகத்தானே இருந்தாய்? மீன் ஆணத்தை ஊற்றிப் பிசைந்து இரண்டாம் தட்டுச் சோறு சாப்பிட்டாய் என்று பெரியம்மா இன்றைக்கும் சொல்கிறார். பிறகு, இரண்டாவது பேறுகாலம் சொந்த வீட்டில்தான் ஆக வேண்டும் என்று திரும்பக் கூட்டிவந்தார்கள். பிள்ளையும் தங்கவில்லை. நாற்பது நாள் கழியும்வரை அந்த அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்று வைத்தார்கள், நீயும் தங்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கடைசி நாட்களில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேதான் இருந்தாய்.

அந்த இடம் போகவே இல்லை லாத்தா. உன் தலை எண்ணெய் சுவரில் ஊறிப்போன இடம். என் நிக்காஹுக்கு வெள்ளையடித்தார்கள். முதல் வாடையிலேயே அது மேலே வந்துவிட்டது. மறுபடியும் அடித்தார்கள், மறுபடியும் வந்தது. உருண்டையாகத் தலை, கீழே தோள் சரிந்த மாதிரி கறுப்பும் பச்சையுமாகப் பூசணம். நீ சாய்ந்திருந்த இடம் என்று நான் அவளுக்குக் காட்டியிருந்தேன்; நூருதான் முதலில் பார்த்தாள். "சாச்சி, இங்கன வந்து பாருங்களேன், உம்மா வந்துருக்காக" என்றாள்.

தாய் முகம் நினைவில்லாத பிள்ளை. தினமும் காலையில் எழுந்ததும் அந்த இடத்தில் போய்க் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்பாள். நான் எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வேன்?

இன்னொன்று இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். மசக்கை வந்ததிலிருந்து எனக்கு அந்தச் சுவரின் வாசம் பிடிக்கிறது. பிடிக்கிறது என்றால் சாதாரணமாக இல்லை, சோறு வேண்டாம், அது வேண்டும் என்று இருக்கிறது. நீயும் இப்படித்தானே இருந்தாய்? "மழ பேஞ்ச மண்ணு மாதிரி மணக்குதுடி" என்று சுவரில் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். ஒருநாள் நானும் அதேபோல் உட்கார்ந்திருந்ததை நானே கண்டு பதறி எழுந்தேன். உன் வழியிலேயே ஒவ்வொரு எட்டாக வைத்து வருகிறேனோ என்று அன்றைக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது.

உம்மா கூண்டு வண்டி கட்டி என்னையும் நூரையும் ராமநாதபுரத்து டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். அந்தம்மா இரண்டு பேர் நெஞ்சிலும் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்டுல ஈரம் உண்டா? செவத்துல பூசணம் புடிக்குமா?" என்று கேட்டார்.

உம்மா கொடுத்த பதிலைக் கேள். "எங்களுது காரைவீடும்மா. தேக்குக் கதவு போட்டது."

"காரைவீடா இருந்தா என்னம்மா? அந்த ரூம்ல இந்தப் புள்ளைகளப் படுக்க வைக்காதீங்க. அதுனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா எடத்தை மாத்திப் பாருங்க."

வண்டி ஏறினதும் உம்மா பொரிந்து தள்ளிவிட்டார். "புள்ளத்தாச்சியப் பயங்காட்டுறா பாரு. ஊரு முழுக்கக் கடக்கரை மணலு வீடுதான், எல்லாரும் மௌத்தாவா போயிட்டாக?" அதுவும் நியாயமான கேள்விதானே லாத்தா? நெஞ்சு இறுகுகிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

உனக்குப் பிறகு ஊரில் என்னென்னவோ வந்துவிட்டது. அணாவை எடுத்துவிட்டு நயா பைசா என்று கொண்டுவந்திருக்கிறார்கள். உம்மா இன்னும் மீன்காரியிடம் அணாவில்தான் சண்டை போடுகிறார். நீ வளர்த்த ஆட்டின் பேத்தி உன் பூவரசங்கன்றை மொட்டையடித்துவிட்டது. எல்லாம் மாறியும் பேறுகாலத்துக்கு அந்த அறைதான் என்பது மட்டும் மாறவில்லை. போன மாதம் உம்மா சுண்ணாம்புச் சட்டியோடு வந்தார். புதுத் துணியும் வாங்கியாகிவிட்டது. சுவரை மறைக்க, அதே சிவப்பில்.

அந்தத் துணியைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்ததோ, வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். "நான் உள்ள போக மாட்டேன். என்னையப் புதுமடத்துக்கு அனுப்புங்க" என்றேன்.

கூடத்திலிருந்து வாப்பா சத்தம் போட்டார். "காரைவீட்டை வச்சுக்கிட்டு ஓலைக் குடிசையில பேறுகாலமா? என் முகத்துல ஊரு காறித் துப்பாதா? மனுசனுக்கு நோவு வரும், வீட்டுக்கு நோவு வருமாடி?"

நான் அதுவரை வாப்பாவை எதிர்த்துப் பேசியதில்லை. அன்றைக்குப் பேசிவிட்டேன். "லாத்தா இதுக்குள்ளதான் போனாக. அடுத்து நானு. அதுக்கு அடுத்து நூரு. மூணு பேரையும் எடுத்ததுக்குப் பொறகு வெள்ளையடிங்க" என்றேன்.

உம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வாப்பா எழுந்து அறைக்குள் போனார். நீ மௌத்தான பிறகு அவர் அதற்குள் கால் வைத்ததே இல்லை என்பது உனக்குத் தெரியுமா? சுவருக்கு முன்னால் நின்றார். அந்தத் தலை உருவத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது, யாரும் சொல்லவில்லை. உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

"அங்கன அழுத்தாதீக, உம்மாவுக்கு வலிக்கும்" என்று நூரு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். கை ஈரமாக, பச்சையாக வந்தது. வாப்பா கிணற்றடிக்குப் போய் அந்தக் கையை நெடுநேரம் கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், "அசர் தொழுகைக்குப் பொறகு வண்டி வரச் சொல்றேன்" என்றார்.

அப்படித்தான் புதுமடம் வந்தேன். ஓலைக் கீற்றின் இடுக்கெல்லாம் காற்று. மணல் பறந்து சோற்றில் விழுகிறது, ஆனால் மல்லாந்து படுக்க முடிகிறது. நூரு வாசலில் நண்டு பிடித்து ஓடினாள். அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன், சீட்டி இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று அழுதுவிட்டேன். கட்டின சுவரை வாப்பாவே இடித்து ஜன்னல் வைக்கிறார் என்று சேதி வந்தது. "இடிச்ச எடமெல்லாம் உப்பாக் கொட்டுது" என்று வண்டிக்காரன் சொன்னான்.

பிறகு மறுபடியும் வந்துவிட்டது லாத்தா. நூருக்கு மட்டும். இந்தக் காற்றில், இந்த வெளிச்சத்தில், அதே சீட்டி. அப்படியானால் சுவரால் இல்லையா? அது எங்கள் உடம்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டதா? எங்கே ஓடினாலும் கூடவே வருமா? வாப்பாவின் கையை அப்படிக் கழுவவைத்தது வீண்தானா? பகல் முழுக்க அவளை மடியில் போட்டுக்கொண்டு இதையே நினைத்தேன்.

இன்று மத்தியானம் அவள் பாயை வெயிலில் போட எடுத்தேன். தலையணைக்கு அடியில் ஒரு கைக்குட்டை முடிச்சு இருந்தது. அவிழ்த்தால், சுவர்க்காரை. என் உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் பூசணம். வண்டி ஏறுவதற்கு முன் உன் தலை இருந்த இடத்தில் கரண்டியால் சுரண்டிப் பெயர்த்துக் கொண்டுவந்து, துணிமூட்டைக்குள் ஒளித்திருந்ததைச் சில நாளாகத்தான் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்திருக்கிறாள்.

"உம்மா அங்கன தனியா இருப்பாகல்ல சாச்சி" என்றாள்.

எனக்கு அவளை அடிக்கவும் தோன்றவில்லை, அணைக்கவும் தெம்பில்லை. கையில் அந்தத் துண்டோடு நின்றேன். என் மூக்கு தானாகவே அதனிடம் போனது லாத்தா. மழை பெய்த மண் மாதிரி மணந்தது. உன் எண்ணெய் வாசம்கூட இருந்தது போலிருந்தது. எப்படித்தான் அதை முகத்திலிருந்து விலக்கினேனோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

"நூரு, இது நமக்கு ஆகாது. கடல்ல குடுத்துருவோம்" என்றேன்.

"உம்மா முங்கிருவாக."

என்ன சொல்வேன்? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? "அந்தச் செவத்துக்குள்ளதாண்டி உம்மாவுக்கு மூச்சு முட்டுச்சு. கடல்ல எம்புட்டுக் காத்து கெடக்கு பாரு" என்றேன். அவள் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு முடிச்சைத் தானே கட்டி எடுத்துக்கொண்டாள். "சரி. ஆனா தூக்கி எறியக்கூடாது. மெதுவா வுடணும்" என்றாள்.

இப்போது வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். வெயில் தாழ்ந்துவிட்டது. எனக்கு வயிறு இறங்கியிருக்கிறது, நடக்கக் கஷ்டம்தான். ஆனாலும் போகிறோம். மெதுவாகவே விடுகிறோம் லாத்தா, பயப்படாதே.

இதற்குப் பிறகும் அவள் இரைப்பு நிற்காவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பயம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஒன்று மட்டும் உனக்கு வாக்காகத் தருகிறேன். உன் மகளுக்கு ஒரு வீடு கட்டும் காலம் வந்தால், முதலில் ஜன்னல் எங்கே என்று நான் கேட்பேன், அதற்கு அப்புறம்தான் சுவர் எழும்பும். அவளுக்கு இருமல் வந்தால் கதவைத் திறப்பேன். என் மூச்சு உள்ளவரை அவள் மூச்சை நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

உன் பிள்ளைக்குச் சாச்சியாகவும், இப்போது அவள் கையைப் பிடித்துக் கடலுக்கு நடக்கிறவளாகவும் இருக்கும்
உன் தங்கச்சி சுபைதா